உத்தி கட்டுகிற நேரம்

தொடக்கப் பள்ளியின் கால அட்டவணையைப் பார்த்திருப்பீர்கள். சார்ட் அட்டையில் சிவப்பு மையால் கோடு கிழித்துத் தலைமை ஆசிரியர் மேசைக்குப் பின்னால் ஒட்டியிருக்கும். தமிழ், ஆங்கிலம், கணக்கு என்று நிரப்பிக்கொண்டே வந்து, சாயங்காலம் மணியடிக்கப் போகிற நேரத்துக் கட்டங்களில் மட்டும் 'உடற்கல்வி' என்று பொடியாக எழுதியிருப்பார்கள். அந்தக் கட்டத்துக்கென்று தனி ஆசிரியர் கிடையாது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் ஒன்று முதல் ஐந்து வகுப்பு வரை 60 பிள்ளைகளுக்கு இரண்டு ஆசிரியர் என்று கணக்குப் போட்டது. ஐந்து வகுப்பு, இரண்டு பேர். பாடம் நடத்த வேண்டும், கல்வித் துறையின் எமிஸ் தளத்தில் விவரம் பதிவேற்ற வேண்டும், சத்துணவு ருசி பார்க்க வேண்டும். டிரில் மாஸ்டருக்கு இதில் எங்கே இடம்?

2012-இல் தமிழக அரசு பகுதி நேர ஆசிரியர்களை எடுத்தது. 16,549 பேர், மாதம் 5,000 ரூபாய், வாரத்துக்கு மூன்று அரை நாள். உடற்கல்வி, ஓவியம், தையல் எல்லாம் அந்தக் கணக்கில் அடக்கம். அவர்களும் ஆறு முதல் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத்தான். ஆக, நம் கிராமத்துப் பிள்ளை ஒன்று 'பி.இ.டி. சார்' என்று ஒருவரை முதன்முதலாகப் பார்க்கும்போது அதற்குப் பதினொரு வயதாகியிருக்கும். அதற்குள் ஓடவும் தாவவும் மரமேறவும் அது தானாகப் படித்துக்கொண்டிருக்கும். யாரோடு சேரலாம், யாரோடு சேரக்கூடாது என்பதையும் ஊர் அதற்குச் சொல்லிக் கொடுத்து முடித்திருக்கும்.

சேரன்மகாதேவிக்கும் அம்பாசமுத்திரத்துக்கும் இடைப்பட்ட தாமிரபரணி ஆற்றுப் பாசன ஊர்களில்தான் என் உத்தியோகக் காலம் கழிந்தது. ஓய்வு பெற்ற பிறகும் இளம் ஆசிரியைகள் சிலர் வீட்டுக்கு வருகிறார்கள். "டீச்சர், விளையாட்டு பீரியடுக்கு நாங்க என்ன செய்ய? எங்களுக்கு ஒரு விளையாட்டும் உருப்படியாத் தெரியாதே" என்பார்கள். எந்த விளையாட்டு என்று மண்டையை உடைத்துக்கொள்ளாதீர்கள், அது பிள்ளைகளுக்கே தெரியும், கட்சி பிரிக்கிறபோது மட்டும் பக்கத்தில் நில்லுங்கள் என்பேன். அந்த ஐந்து நிமிஷத்தைச் சரியாக நடத்திவிட்டால் மிச்சம் தானே நடக்கும். இதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

எங்கள் காலத்தில் கட்சி பிரிக்க உத்தி கட்டுவோம். ஆட்டத்துக்கு வந்தவர்களில் கெட்டிக்காரர் இருவர் தலைவர்களாக உட்கார்ந்துகொள்வார்கள். மற்றவர்கள் உயரமும் ஓட்டமும் ஒத்த ஜோடிகளாகச் சேர்ந்து, தோளில் கைபோட்டபடி வேப்பமரத்துக்குப் பின்னாலோ பள்ளிக்கூடத்துச் சுவருக்குப் பின்னாலோ போவார்கள். அங்கே குசுகுசுவென்று ஆளுக்கொரு பெயர் வைத்துக்கொள்வார்கள். திரும்பி வந்து, "ஆத்து மீன் வேணுமா, குளத்து மீன் வேணுமா?" என்று கேட்பார்கள். ஒரு தலைவர் ஆற்று மீன் என்பார். அந்தப் பெயர் யாருடையதோ அவர் அந்தப் பக்கம், மற்றவர் எதிர்ப் பக்கம். அடுத்த ஜோடிக்கு அடுத்த தலைவர் கேட்பார். மீன் போய், யானையும் குதிரையும் வரும், அல்வாவும் பூந்தியும் வரும். இப்போதைய பிள்ளைகள் பைக்கும் காரும் வைத்துக்கொள்கிறார்கள். அதில் ஒரு குறையும் இல்லை.

இந்த ஏற்பாட்டில் எத்தனை நுட்பம் இருக்கிறது என்பது எனக்கு வாத்தியார் வேலைக்கு வந்த பிறகுதான் உறைத்தது. ஜோடி சேரும்போதே சமமான இருவர் சேர்ந்தாக வேண்டும். பலசாலியும் நோஞ்சானும் ஜோடி போட்டால் கூட்டம் ஒத்துக்கொள்ளாது. தனக்குச் சமம் யார் என்று ஒவ்வொரு பிள்ளையும் தன்னைத்தானே எடைபோட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது. பெயருக்குப் பின்னால் யார் இருக்கிறார் என்பது தலைவருக்குத் தெரியாது. ஆகவே வேண்டியவரை இழுத்துக்கொள்ளவும் வேண்டாதவரை ஒதுக்கவும் வழியில்லை. யாரும் கடைசியாக மிஞ்சி நிற்பதும் இல்லை.

கடைசியாக மிஞ்சி நிற்பது என்றால் என்ன என்று நின்றவர்களுக்குத் தெரியும். இன்றைக்குப் பல பள்ளிகளில் இரண்டு கேப்டன்களை நிறுத்தி, "ஆளுக்கு ஒருத்தரா எடுங்க" என்று விடுகிறார்கள். முதலில் வேகமாக ஓடுகிறவன், பிறகு பந்து பிடிக்கத் தெரிந்தவன், பிறகு கேப்டனின் கூட்டாளி. குண்டுப் பிள்ளை, திக்குவாய், கண்ணாடி போட்டவள், புதிதாக வந்து சேர்ந்தவள் எல்லாரும் கால் கட்டைவிரலால் மண்ணைக் கீறிக்கொண்டு கடைசிவரை நிற்பார்கள். கணக்கில் மார்க் குறைந்தால் அது அப்பாவுக்கும் டீச்சருக்கும்தான் தெரியும். இங்கே ஊரே பார்க்க, வாரத்துக்கு இரண்டு தடவை, வரிசைப்படி விலை சொல்லப்படுகிறது. நாற்பது வயதில் ஒருவர் "எனக்கு விளையாட்டே பிடிக்காது" என்று சொன்னால், அவர் எந்த வரிசையில் எந்த இடத்தில் நின்றிருப்பார் என்று நான் மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்ப்பது வழக்கம்.

ஜோடி சேராமல் ஒற்றையாக நிற்கிற பொடிசுக்கும் பழைய ஆட்டத்தில் வழி இருந்தது. அக்காவோடு ஒட்டிக்கொண்டு வந்த ஐந்து வயதுத் தம்பி ஒப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்துக்கொள்ளப்படுவான். அவன் இரண்டு கட்சியிலும் உண்டு, ஆனால் அவுட் கிடையாது. ஓடுவான், கத்துவான், தொட்டாலும் கணக்கில்லை. ஒரு வருஷம் இப்படி ஓடிவிட்டு மறு வருஷம் அவனே ஜோடி தேடிப் போவான். பெயர் நல்ல பெயர் இல்லைதான். கால் ஊனமான பிள்ளை உள்ள வகுப்பில் நான் அந்தச் சொல்லை எடுக்க விட்டதில்லை. விதியை மட்டும் வைத்துக்கொண்டோம்.

நெல்லைச் சீமை ஆட்டங்களுக்குப் பஞ்சமில்லாத ஊர். சங்கரன்கோவிலில் பிறந்த தேவநேயப் பாவாணர் 1954-இல் தமிழ்நாட்டு விளையாட்டுகளைப் பற்றித் தனி நூலே எழுதினார். ஆண்பிள்ளை ஆட்டம், பெண்பிள்ளை ஆட்டம் என்றும் பகலாட்டு, இரவாட்டு என்றும் வகைவகையாகப் பிரித்துவைத்தார். சொல்லாராய்ச்சியில் ஊறியவர், பிள்ளைகளின் குச்சி விளையாட்டுக்கு இத்தனை மெனக்கெட்டது எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம். பிசான அறுப்பு முடிந்து வயல் காய்ந்ததும் அதுவே மைதானம். ஆடிக் காற்றில் பனையோலைக் காற்றாடி. கோடையில் நுங்கு தின்றுவிட்டுக் கோந்தையில் வண்டி. மழைக்காலத்தில் திண்ணையில் தட்டாங்கல். பருவம் பார்த்து ஆட்டம் மாறியது. பயிருக்கு இருந்த மாதிரியே ஆட்டத்துக்கும் பஞ்சாங்கம் இருந்தது.

பள்ளிக்கூடத்துக்குள் வந்த 'டிரில்' வேறு ஊற்றிலிருந்து வந்தது. வெள்ளைக்காரன் காலத்தில் பட்டாளத்திலிருந்து வந்தவர்களே பல பள்ளிகளில் டிரில் மாஸ்டர்கள். அட்டென்ஷன், ஸ்டாண்டட்டீஸ், லெஃப்ட் ரைட். அமெரிக்காவிலிருந்து வந்த ஹாரி குரோ பக் என்பவர் 1920-இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். உடற்கல்வி ஆசிரியர் என்பது படித்துப் பயில வேண்டிய வேலை என்ற எண்ணம் இந்தப் பக்கம் வேர்விட்டது அதற்குப் பிறகுதான். நந்தனத்தில் இன்றும் இருக்கிற அந்தக் கல்லூரியில் படித்தவர்கள் தமிழ்நாடெங்கும் பரவினார்கள். இருந்தாலும் கிராமத்துப் பெற்றோருக்கு இன்றைக்கும் பிடித்தது டிரில்தான். சுதந்திர தினத்தன்று பிள்ளைகள் நேர்க்கோட்டில் நின்று ஒரே நேரத்தில் கை தூக்கினால் சந்தோஷப்படுகிறார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கும், நானும் நடத்தியிருக்கிறேன். ஆனால் ஒரு கை தூரம் விட்டு நிற்கிற அந்த வரிசையில் ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையைத் தொடுவதே இல்லை. எங்கள் பக்கத்தில் அது சாதாரண விஷயம் இல்லை.

இனிச் சொல்லப்போவதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். எங்கள் ஊர்களில் தெரு என்றால் சாதி. மேலத் தெரு, கீழத் தெரு, வடக்கூர், காலனி என்று சொன்னால் போதும், வேறு விளக்கம் யாரும் கேட்க மாட்டார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைச் சும்மா "ரெண்டு கட்சியாப் பிரிஞ்சு ஆடுங்க" என்று விட்டுப் பாருங்கள். இரண்டே நிமிஷத்தில் தெருவாரியாகப் பிரிந்து நிற்பார்கள். அவர்கள் மேல் குற்றமில்லை. கூட வந்தவன், பக்கத்து வீட்டுக்காரன், மாமன் மகன் என்று சேர்ந்தால் அப்படித்தான் சேரும். ஆசிரியர் கவனிக்காமல் விட்டால், கபடிக் கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு தெருவும் அந்தப் பக்கம் ஒரு தெருவும் நிற்கும். அதன் பிறகு பிடி இறுகினாலும் பல் பட்டாலும் அது ஆட்டத்தோடு முடியாது. சாயங்காலம் பெரியவர்கள் வந்து நிற்பார்கள்.

வளர்ந்த பிள்ளைகளிடம் இது எங்கே கொண்டுபோய் விட்டது என்பது நாடறிந்த கதை. சாதிக்கொரு நிறமாகக் கையில் கயிறு கட்டிக்கொண்டு வரும் பழக்கத்தைப் பற்றிப் பள்ளிக் கல்வித் துறையே 2019-இல் சுற்றறிக்கை அனுப்ப வேண்டியிருந்தது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பிளஸ் டூ மாணவன் ஒருவனை, கூடப் படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்கப் போன தங்கைக்கும் வெட்டு. அதற்குப் பிறகு அரசு ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் ஒருநபர் குழு அமைத்தது. 2024 ஜூனில் அவர் கொடுத்த அறிக்கையில் கயிறு, மோதிரம், பொட்டு முதலிய அடையாளங்களைத் தடுப்பது பற்றிச் சொல்லியிருந்தார். பள்ளிகளின் பெயரில் உள்ள சாதியை நீக்கச் சொன்னார். வகுப்பில் பிள்ளைகளை அகர வரிசைப்படி உட்கார வைக்க வேண்டும் என்றும் ஒரு பரிந்துரை.

செய்தித்தாளில் அந்தக் கடைசி வரியைப் படித்தபோது எனக்கு உத்திதான் நினைவுக்கு வந்தது. யார் பக்கத்தில் யார் என்பதை ஊர் தீர்மானிக்காமல் ஒரு விதி தீர்மானிக்க வேண்டும். வகுப்பறையில் அதற்கு அகர வரிசை. மைதானத்தில் ஆற்று மீனும் குளத்து மீனும். பெஞ்சில் பக்கத்தில் உட்காருவதை விடக் கட்சியில் ஒன்றாக நிற்பது பலமானது என்றே நினைக்கிறேன். பெஞ்சில் பேசாமல் இருந்துவிடலாம். கபடியில் எதிராளி பாடி வரும்போது கைகோத்து மறிக்காமல் இருக்க முடியாது.

நடைமுறையில் ஒரு சிக்கல் உண்டு. உத்தியிலும் ஜோடி சேரும்போது கூட்டாளியைத்தான் தேடிப் போவார்கள். ஆனால் பாருங்கள், ஜோடி சேர்ந்த இருவரும் ஒரே கட்சிக்கு வர முடியாது. சேர்ந்து போனவர்கள் பிரிந்தே ஆக வேண்டும். ஒரே தெரு நண்பர்கள் இருவர் ஜோடி போட்டால் எதிரெதிரே நிற்பார்கள். இப்படி ஒவ்வொரு தெருவும் பாதிப் பாதியாக உடைந்து இரண்டு கட்சியிலும் கலந்துவிடும். இதை யோசித்து யாரும் ஏற்படுத்தினார்களா, தானாக அமைந்ததா, எனக்குத் தெரியாது. வேலை நடக்கிறது. "ஏல, நீ எங்க தெருல்லா, எங்க பக்கம் வா" என்று முதல் வாரம் முறுக்கிக்கொண்டவன், மூன்றாம் வாரம் தன் தெருக்காரனைத் தொடையைப் பிடித்து விழத்தட்டிவிட்டுத் தன் கட்சிக்காரனைக் கட்டிப்பிடித்துக் குதிப்பான். அந்தக் கட்சிக்காரன் எந்தத் தெரு என்று அவன் வீட்டுக்கு இன்னும் தெரிந்திருக்காது.

தெரிந்தும் வந்திருக்கிறார்கள். "என்ன டீச்சர், பள்ளிக்கூடத்துக்குப் படிக்க அனுப்புனா பிள்ளயள மண்ணுல உருட்டி விடுதீய. அதுவும் யார் யாரோடல்லாம்" என்று ஒரு அம்மா வாசலில் நின்று கேட்டார். அந்தக் கடைசிச் சொல்லில்தான் கேள்வியே இருந்தது. நான் அதற்குப் பதில் சொல்லவில்லை. முதல் பாதிக்கு மட்டும் பதில் சொன்னேன். ஐந்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் தினம் ஒரு மணி நேரமாவது மூச்சு வாங்க ஓடியாட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது, சட்டை அழுக்கானால் துவைத்துக்கொள்ளலாம் என்றேன். அவருக்கும் நான் எதை விட்டுவிட்டேன் என்பது விளங்கிவிட்டது. மறுநாள் மகன் வழக்கம் போல வந்தான். வாதாடி ஜெயிக்க முடியாத இடத்தில் கால அட்டவணையைக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுவது ஒரு வழி. அரசாங்க உத்தியோகம் எனக்குக் கற்றுக்கொடுத்த நல்ல காரியங்களில் அதுவும் ஒன்று.

கபடி என்றதும் இப்போது எல்லாருக்கும் மணத்தி கணேசன் பெயர்தான் வருகிறது. தாமிரபரணியின் கீழ்ப் பகுதியில், தூத்துக்குடி மாவட்டத்தில் இருக்கிற சின்ன ஊர் மணத்தி. அங்கிருந்து கிளம்பி 1994-இல் ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியக் கபடி அணியில் ஆடியவர். 1995-இல் அர்ஜுனா விருது. அவர் வாழ்க்கையைத் தழுவி மாரி செல்வராஜ் எடுத்த 'பைசன்' 2025 தீபாவளிக்கு வந்த பிறகு, எங்கள் பக்கத்துப் பொடியன்கள் எல்லாரும் தொடையைத் தட்டிக்கொண்டு அலைகிறார்கள். சந்தோஷம்தான். படம் பார்த்துவிட்டு வந்த ஒரு இளம் ஆசிரியர், மூன்றாம் வகுப்பிலிருந்தே திறமையான பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்துத் தனிப் பயிற்சி கொடுக்கலாமா என்று என்னிடம் கேட்டார்.

எனக்கு அதில் உடன்பாடு இல்லை. எட்டு வயதில் தேர்ந்தெடுப்பது என்றால் எட்டு வயதில் கழிப்பதும்தான். முப்பது பேரில் ஏழு பேரைப் பொறுக்கி எடுத்தால் மிச்சம் இருபத்து மூன்று பேர் கைதட்டப் பழகுவார்கள். அந்த வயதில் உடம்பு இன்னும் முடிவு செய்திருக்காது. நாலாம் வகுப்பில் குச்சியாக நிற்பவள் எட்டாம் வகுப்பில் எல்லாரையும் விட நீளமாகத் தாண்டுவாள். இன்னொன்றும் உண்டு. கணேசனைப் போல ஒருவர் வெளியே வர, அவரோடு மல்லுக்கட்ட ஊரில் நூறு பேர் வேண்டும். தேரடியிலும் அறுத்த வயலிலும் கபடி ஆடின அந்த நூறு பேர் எந்தப் பட்டியலிலும் இல்லை. அவர்கள் பிடித்த பிடியில்தான் அவர் தப்பிக்கக் கற்றிருப்பார். தேர்வும் பயிற்சியும் உயர்நிலைப் பள்ளிக்குப் போன பிறகு ஆகட்டும், அங்கே அதற்கு ஆள் இருக்கிறது. ஐந்தாம் வகுப்புவரை எல்லாரும் உள்ளே இருக்கட்டும்.

எல்லாரும் உள்ளே என்று சொல்லிவிட்டால் ஆட்டத்தை அதற்குத் தக்கபடி தேர்ந்தெடுக்க வேண்டும். எனக்குப் பிடித்தது கிளித்தட்டு. தரையில் நீளவாக்கில் ஒரு நடுக்கோடு, குறுக்கே வரிசையாகக் கோடுகள். மறிக்கிற கட்சியில் ஒவ்வொருவரும் தன் குறுக்குக் கோட்டிலேயே நின்று, அதன் மேலேயே இங்கும் அங்கும் நகர்ந்து கையை விரித்து மறிக்க வேண்டும். 'கிளி' மட்டும் நடுக்கோட்டில் ஓடும். மற்ற கட்சி தொடுபடாமல் எல்லாக் கோட்டையும் தாண்டிப் போய்த் திரும்ப வேண்டும். ஓட்டக்காரனுக்கு இதில் வேலை உண்டு, ஓட முடியாதவனுக்கும் உண்டு. போலியோவால் ஒரு கால் சூம்பிய பையன் ஒருவன் என் வகுப்பில் இருந்தான். நடப்பதே சிரமம். கை மட்டும் முழங்காலைத் தொடும் நீளம். அவனைக் கடைசிக் கோட்டில் நிறுத்தினால் தாண்டுவது லேசில்லை. ஏமாற்றி இழுத்து அந்தப் பக்கம் போவது போலப் பாவனை காட்டினால் அசையவே மாட்டான், கண்ணைத்தான் பார்ப்பான். உத்தியில் அவனோடு ஜோடி போட யார் சமம் என்று முதலில் பெரிய விவாதமே நடந்தது. கடைசியில் வகுப்பிலேயே உயரமானவன் வந்து தோளில் கைபோட்டான். பிள்ளைகள் காலைப் பார்க்கவில்லை, எத்தனை பேரை மறிக்கிறான் என்றுதான் பார்த்தார்கள்.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் ஐந்தாம் வகுப்பு ஒரு எல்லைக்கோடு. அதுவரை ஆண்களோடு சேர்ந்து கிளித்தட்டு ஆடினவள், அடுத்த வருஷம் துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு மைதானத்து ஓரத்தில் நிற்பாள். எனக்கும் அப்படித்தான் நடந்தது, பத்து வயதோடு ஓட்டம் நின்றது. திரும்ப ஓடினது ஆசிரியப் பயிற்சியில், விளையாட்டுக்கு மார்க் உண்டு என்று சொன்னதால். ஆகையால் பெண் பிள்ளைக்குத் தொடக்கப் பள்ளியின் விளையாட்டு பீரியட், சில வீடுகளில், வாழ்நாளுக்கே கடைசி மைதானம். அந்த பீரியடைக் கணக்குப் பாடம் நடத்த எடுத்துக்கொள்கிற ஆசிரியரிடம் நான் சொல்வது ஒன்றுதான்: அந்தப் பிள்ளையிடம் போய்க் கேளுங்கள், 'கணக்கா, கிளித்தட்டா' என்று.

ஆற்றைப் பற்றிப் பேசாமல் எங்கள் ஊரில் உடற்பயிற்சியைப் பேச முடியாது. பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடல் சேர்கிற வரைக்கும் ஏறத்தாழ 128 கிலோமீட்டர் ஓடுகிற நதி, எட்டு அணைக்கட்டுகள். என் தலைமுறையில் கரையோரத்துப் பிள்ளைகள் நீச்சலைப் படித்துறையில் கற்றார்கள். காய்ந்த சுரைக்குடுக்கையை முதுகில் கட்டிவிட்டு மாமாவோ அண்ணனோ தண்ணீரில் தள்ளிவிடுவார்கள். வாழைத்தடியும் உண்டு. இன்றைக்கு ஆற்றிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிற பள்ளியில், நீந்தத் தெரிந்தவர் கை தூக்குங்கள் என்றால் ஒன்றிரண்டு கைதான் எழும்புகிறது. ஆறும் பழைய ஆறு இல்லை. மணல் அள்ளின இடங்களில் கசம் விழுந்து கிடக்கிறது. 2010-இல் கம்யூனிஸ்ட் தலைவர் நல்லகண்ணு தொடுத்த வழக்கில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தாமிரபரணியில் மணல் அள்ளத் தடை விதித்தது. ஆனால் ஏற்கெனவே விழுந்த பள்ளங்கள் ஆற்றுக்குள்தான் இருக்கின்றன. ஆகவே பிள்ளைகளை ஆற்றுப் பக்கமே விடாதே என்று பெற்றோர் சொல்வதைக் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் பயந்து ஒளித்து வைத்த பிள்ளைதான் லீவு நாளில் யாருக்கும் தெரியாமல் கூட்டாளிகளோடு போய் இறங்குகிறது. தண்ணீரில் மூழ்கி 2021-இல் உலகம் முழுக்க இறந்தவர்கள் சுமார் மூன்று லட்சம் பேர் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு நீச்சலும் தண்ணீரில் தற்காத்துக்கொள்வதும் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. ஆசிரியர்கள் பிள்ளைகளை ஆற்றுக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. இரண்டு ஆசிரியர், அறுபது பிள்ளை என்றால் அது ஆபத்து. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இதைப் பேச்சுக்கு எடுக்கலாம். சித்திரை, வைகாசியில் தண்ணீர் குறைவாக ஓடும்போது, ஆழம் தெரிந்த படித்துறையில், நீந்தத் தெரிந்த பெரியவர்கள் நாலு பேர் கயிறோடு நிற்க, ஊரே முன்னின்று செய்ய வேண்டிய காரியம். இங்கும் அதே கேள்வி வரும்: எந்தத் தெருவின் படித்துறை? அதை முதலிலேயே பேசித் தீர்த்துவிட வேண்டும், இல்லையென்றால் பாதிப் பிள்ளைகள் வர மாட்டார்கள்.

ஓடவும் நீந்தவும் முடியாத நாளில் நடக்கலாம். குளம் வரை நடந்துபோய்ப் பறவை பார்ப்பது என் வகுப்புப் பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடித்தது. 2011 முதல் தாமிரபரணிப் பாசனக் குளங்களில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. மணிமுத்தாற்றில் இருக்கிற அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவள காப்பு மையம் நடத்துவது. கல்லூரி மாணவர்களும் ஆர்வலர்களும் தொலைநோக்கியோடு வருவார்கள். திருப்புடைமருதூரில் ஊர்க்காரர்களே நாரைகளையும் கொக்குகளையும் காத்து வந்ததால் 2005-இல் அந்த இடம் பாதுகாப்பகமாக (கன்சர்வேஷன் ரிசர்வ்) அறிவிக்கப்பட்டது. நாட்டிலேயே அந்த வகையில் முதலாவது. பிள்ளைகளுக்கு இதையெல்லாம் பாடமாகச் சொன்னால் தூங்கிவிடுவார்கள். குளத்துக் கரையில் போய், சத்தம் போட்டால் பறந்துவிடும் என்று சொன்னால் போதும், நாற்பது பிள்ளைகள் வாய் மூடி நடக்கிற அதிசயத்தைப் பார்க்கலாம். வகுப்பறையில் எனக்கு அது கைகூடியதே இல்லை.

சாமான்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் தொடக்கப் பள்ளிக்கு விளையாட்டுச் சாமான் வாங்க வருஷத்துக்கு 5,000 ரூபாய் வருகிறது. ஸ்கிப்பிங் கயிறு, வளையம், ரப்பர் பந்து, கேரம் போர்டு வாங்கலாம். பல இடங்களில் அவை பீரோவுக்குள் புது மணம் மாறாமல் இருக்கும். கிழிந்தால் இருப்புப் பதிவேட்டில் என்ன எழுதுவது என்ற பயம். பந்து என்றால் கிழியத்தான் செய்யும். கிழிந்ததைக் கிழிந்தது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் தணிக்கைக்காரர் ஒன்றும் தூக்கில் போட மாட்டார். கிழியாத பந்தைத்தான் அவர் கேள்வி கேட்க வேண்டும்.

இப்போது வந்திருக்கிற சிக்கல் வேறு. எங்கள் பக்கத்துத் தொடக்கப் பள்ளிகள் பலவற்றில் பிள்ளைகளே இல்லை. காலையில் மஞ்சள் வேன் வந்து பாதிப் பிள்ளைகளை இங்கிலீஷ் மீடியத்துக்கு அள்ளிக்கொண்டு போய்விடுகிறது. ஐந்து வகுப்பும் சேர்ந்து பதினொரு பேர், பதின்மூன்று பேர் என்று நிற்கிறார்கள். கட்சிக்கு ஏழு பேர் சேர்த்துக் கபடி ஆட முடியாது. போன மாதம் வந்த ஒரு ஆசிரியைக்கு இதுதான் குறை: "பதினோரு பேர வச்சு என்னத்த ஆட, டீச்சர்? அதுல ஒண்ணு ஒண்ணாங்கிளாசு, ஒண்ணு அஞ்சாங்கிளாசு."

ஆடலாம். ஒன்றும் இரண்டும் ஒரு ஜோடி, மூன்றும் மூன்றும் ஒரு ஜோடி, நான்கும் ஐந்தும் ஒரு ஜோடி என்று உயரம் பார்த்து, தலைவர் இருவரையும் சேர்த்து ஐந்து ஜோடி வரும். மிஞ்சுகிற பொடிசு இரண்டு கட்சியிலும் ஓடட்டும், அவுட் கிடையாது. தலைவராக நாலாம் வகுப்புப் பெண் ஒருத்தியை ஒரு வாரம், அடுத்த வாரம் வேறொருத்தர். கிளித்தட்டுக்கு ஐந்து பேர் மறித்தால் நாலு குறுக்குக் கோடும் ஒரு கிளியும் போதும். கோடு கிழிக்க வேப்பங்குச்சி. வெயில் தாழ்ந்து மூன்றரைக்கு மேல் தொடங்குங்கள். காலையில் என்றால் பிரேயருக்கு முன்னாலேயே, காலை உணவு சாப்பிட்டு அரை மணி கழித்து. ஜோடிகள் சுவருக்குப் பின்னால் பெயர் வைக்கப் போகும்போது நீங்கள் பின்னால் போகாதீர்கள், என்ன பெயர் என்று உங்களுக்கும் தெரியக்கூடாது. ஆட்டம் முடிந்ததும் கை கால் கழுவ வாளியில் தண்ணீர் எடுத்து வைக்கச் சொல்லுங்கள், ஒரே வாளியாக இருக்கட்டும் என்று சொல்லி அனுப்பினேன்.